இடது குதிகால்

சுவைலிமுக்கு மனிதர்களின் முகம் மனதில் தங்காது, கால்தான் தங்கும். "போன வருஷம் உங்களோட நடந்தோமே, ஞாபகமிருக்கா?" என்று வெளிநாட்டிலிருந்து வந்த யாராவது ஆசையாகக் கையைப் பிடித்துக்கொண்டால், அவர் சிரித்தபடியே அந்த ஆள் நடந்து வந்த மணலை ஒரு பார்வை பார்ப்பார். வலது பாதம் வெளிப்பக்கம் திரும்பி விழுந்திருக்கும். "அட, நீங்களா! முழங்கால் வீக்கம் வத்திருச்சா?" என்பார். வந்தவர் பூரித்துப்போவார்.

சினாய்ப் பாலைவனத்தில் அவர் கூட்டத்தாரிடையே இது பெரிய வித்தையில்லை. பால்குடி மறந்த பிள்ளைக்கே எந்த ஆடு எந்தப் பக்கம் போனது என்று தெரியும். பெண்கள் காலையில் வாசல் மணலைப் பார்த்தே யார் யாரைத் தேடி வந்து போனார்கள் என்று சொல்லிவிடுவார்கள். வம்பு பேச வாயே வேண்டாம். சுவைலிம் இதில் மற்றவர்களைவிட ஒரு படி மேல், அவ்வளவுதான். ஒட்டகம் காணாமல் போனாலோ, தோட்டத்தில் பேரீச்சங்குலை குறைந்தாலோ ஆள் அனுப்பி அவரைத்தான் கூட்டிப்போவார்கள். "இது இன்னார் கால்" என்று அவர் சொல்லிவிட்டால் பஞ்சாயத்தில் மறுபேச்சு கிடையாது. அந்தப் பெருமைதான் பிற்பாடு அவர் கழுத்தைப் பிடித்தது.

மற்றபடி அவர் களைத்துப்போன மனிதர். இளவயதிலிருந்தே பாலைவனம் சுற்றிப்பார்க்க வருகிறவர்களை அழைத்துக்கொண்டு நடப்பதுதான் பிழைப்பு. வெயில் தணிந்ததும் வரத் தொடங்குவார்கள், மறுபடி வெயில் ஏறும்வரை வந்துகொண்டே இருப்பார்கள். அவர் முன்னால் நடப்பார். தண்ணீர்ப் பைகளைச் சுமந்துகொண்டு வத்ஹா என்ற கிழட்டு ஒட்டகம் பின்னால் வரும். முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். ஆனால் ஒவ்வொரு கூட்டமும் அதே செம்பாறை வளைவில் திரும்பியதும் "ஆ!" என்று வாயைப் பிளக்கும், அவரும் இன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்ப்பதுபோலக் கூடவே நிற்க வேண்டும். அந்த "ஆ"தான் அவரை அரித்துத் தின்றது. வீட்டுக்கு வந்தால் பேசுவதற்கு ஒரு சொல்கூட மிஞ்சியிருக்காது. மனைவி ஹம்தா ரொட்டியை வைப்பாள், தேநீரை வைப்பாள், அவர் சுவரில் சாய்ந்தபடியே தூங்கிவிடுவார். விடிந்தால் அடுத்த கூட்டம்.

அவர் நடக்கும் வழியில் ஒரு மேட்டின் மேல் வட்டவட்டமான கல் அறைகள் உண்டு. சுண்ணாம்போ மண்ணோ இல்லாமல், தட்டைக் கற்களை அடுக்கியே கட்டியவை. வாசல் எல்லாம் சூரியன் இறங்கும் திசையைப் பார்த்திருக்கும். உள்ளே தவழ்ந்துதான் போக முடியும். யார் கட்டினார்கள், எப்போது கட்டினார்கள் என்று யாருக்கும் தெரியாது. அங்குள்ளவர்கள் அவற்றைக் கொசு வீடுகள் என்பார்கள். "மூசா நபியோட ஆளுங்க கொசுக்கடி தாங்காம கட்டிக்கிட்டது" என்று சுவைலிம் சொல்வார். "இங்க கொசுவே இல்லையே?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்காமல் இருக்க மாட்டார். "அதான் சொல்றேன். வீட்டைப் பார்த்ததும் கொசு பயந்து ஓடிருச்சு." இதைச் சொல்லிச் சொல்லி அவருக்கே புளித்துவிட்டது. இப்போதெல்லாம் துக்கம் விசாரிக்கிற முகத்தோடு சொல்கிறார், அதற்குத்தான் இன்னும் அதிகமாகச் சிரிக்கிறார்கள்.

அந்த மேட்டுக்கு அடியில், பாறை குடைபோலக் கவிந்த இடத்தில் ஒரு கல்தொட்டி இருக்கிறது. இயற்கையாக அமைந்த பள்ளம்தான். மழை பெய்தால் மேலிருந்து வழிந்து நிரம்பும், நிழலில் இருப்பதால் மாதக்கணக்கில் நிற்கும். சுவைலிமும் தம்பி பரஜும் சிறுவர்களாக இருந்தபோது, ஓடிப்போன ஆட்டைத் தேடி வந்து வழி தப்பி அங்கே மாட்டிக்கொண்டார்கள். பரஜ் ஒரு கொசு வீட்டின் கூரை மேல் ஏறி, கல் சரிந்து விழுந்து இடது காலை முறித்துக்கொண்டான். பெரியவர்கள் கண்டுபிடித்து வரும்வரை அந்தத் தொட்டித் தண்ணீர்தான் இருவரையும் காப்பாற்றியது. அவர்கள் தொட்டியை விட்டு நகராமல் கிடந்ததால், எதிர்ப்பாறையில் ஒரு மலையாட்டுக் கூட்டம் குட்டிகளோடு தாகத்தில் காத்து நின்றது. வளைந்த பெரிய கொம்புக் கிடாய் ஒன்று அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தது. பரஜ் வலியில் அழுதுகொண்டே, "அண்ணே, நாம அதுங்க தண்ணியைக் குடிக்கிறோம்" என்றான்.

அண்ணனும் தம்பியும் அங்கேயே ஒரு சுள்ளியை ஒடித்து, ஆளுக்கொரு துண்டைக் கையில் பிடித்து, "இந்தக் குச்சி மேல, வணங்குற ஆண்டவன் மேல ஆணை. உயிரோட வீடு போய்ச் சேர்ந்தா இந்தத் தொட்டியில இனி ஒரு கை அள்ள மாட்டோம்" என்று சத்தியம் செய்தார்கள். அவர்கள் நாட்டில் குச்சி மேல் செய்த சத்தியத்தை யாரும் மீறுவதில்லை. பரஜின் கால் கூடியது, ஆனால் இடது குதிகால் அன்றிலிருந்து மணலில் கொஞ்சம் இழுபடும்.

பல வருடமாக மழை இல்லை. தொட்டி வறண்டது. கூட்டத்தை அழைத்துக்கொண்டு அந்த வழியே போகும்போதெல்லாம், வத்ஹா சுமந்து வரும் தண்ணீரில் ஒரு பையை சுவைலிம் தொட்டியில் ஊற்றிவிட்டுப் போவார். கூட்டம் இல்லாத நாட்களிலும் இதற்கென்றே போய் வருவார். ஊற்றிவிட்டு ஒரு கொசு வீட்டின் வாசலில் உட்கார்ந்து மணலைப் படிப்பார். கவுதாரிகள் குஞ்சுகளோடு வந்து போயிருக்கும். நரி ஓரமாக வந்து தயங்கி நின்றிருக்கும். மான் ஒன்று பாதி வழியில் எதையோ கேட்டு வெருண்டு திரும்பி, பிறகு தாகம் தாங்காமல் மறுபடி வந்திருக்கும். எல்லாம் குடித்துவிட்டுத்தான் போயிருக்கும். அவருக்கு அலுக்காத வேலை என்று உலகத்தில் அது ஒன்றுதான் இருந்தது.

தடங்களையெல்லாம் அழித்துக்கொண்டு சில வாரம் அடித்த புழுதிக்காற்று அடங்கி, கோடை தொடங்கிய சமயம், முந்தைய நாள்தான் ஊற்றிய தண்ணீர் பாதி காணவில்லை. மிருகம் குடித்த குறைச்சல் அவருக்குத் தெரியும். இது பாத்திரத்தால் மொண்ட குறைச்சல். குனிந்து பார்த்தார். டயர் செருப்பின் தடம். அந்த டயரின் வரியை அவர் தூக்கத்திலும் அடையாளம் சொல்வார், ஏனென்றால் அதை வெட்டித் தைத்தவரே அவர்தான். ஒரே டயரில் தனக்கு ஒரு ஜோடி, தம்பிக்கு ஒரு ஜோடி. தடம் ஆழமாக அழுந்தியிருந்தது. சுமையோடு போன கால். இடது குதிகால் ஒவ்வொரு அடிக்கும் மணலில் ஒரு கோடு இழுத்திருந்தது.

தம்பி இப்போது ஜீப் ஓட்டுகிறான். நடக்க வலுவில்லாத கூட்டத்தை ஏற்றிக்கொண்டு, அண்ணன் நாள் முழுக்க நடக்கும் தூரத்தை ஒரு மூச்சில் தாண்டிவிடுகிறான். "உன் வண்டிச் சக்கரம் மணலை உழுது போடுது. ஒரு தடம் மிஞ்சுதா, படிக்க?" என்று இவர் திட்டுவார். "தடத்தைத் தின்ன முடியுமா அண்ணே?" என்று அவன் சிரிப்பான். சிரித்துக்கொண்டே இருந்தவன், கடைசியில் சத்தியம் செய்த தொட்டியிலிருந்தே வண்டிச் சூட்டைத் தணிக்கத் தண்ணீர் அள்ளிவிட்டான் என்று சுவைலிம் முடிவு கட்டினார்.

நேரே போய் அவனிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் அவன் மறுப்பான், பேச்சு வளரும், பழைய ஜீப் சண்டையெல்லாம் திரும்பக் கிளம்பும். உள்ளதைச் சொன்னால், வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்க அவருக்கு அலுப்பாக இருந்தது, அவ்வளவுதான். வீட்டுக்குப் போய் மூலையில் கிடந்த கறுப்புத் துணி ஒன்றைக் கிழித்தார். ஹம்தா அப்போது வீட்டில் இல்லை. மகளின் பேறுகாலத்துக்காக அன்று காலைதான் கடற்கரை ஊருக்குப் போயிருந்தாள். எல்லா வழியும் கூடும் கணவாயில், கற்குவியலின் மேல் ஒரு கம்பை நட்டு அந்தத் துணியைக் கட்டினார். அந்த வழியாக முதலில் வந்தவரிடம் சொன்னார்: "இது என் தம்பி பரஜுக்கு. அவன் முகம் கறுத்துப்போச்சு."

கறுப்புத் துணி ஏறிவிட்டால் அந்த மனிதன் வீட்டுக் காப்பியை யாரும் தொட மாட்டார்கள். பரஜின் மகள் நூராவுக்கு நிச்சயம் ஆகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் வருவதாகச் சொன்ன நாளில் வரவில்லை. சொல்லியும் அனுப்பவில்லை. மூன்றாம் நாள் மாலை பரஜ் அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்றான். ஜீப்பில் வரவில்லை, நடந்தே வந்திருந்தான்.

"நான் அள்ளினதை நீ பார்த்தியா?"

"உன் கால் சொல்லுது."

"என் கால் இந்தா இருக்கு, சொல்லச் சொல்லு பார்ப்போம். நான் அந்த டயர் செருப்பை விட்டு எத்தனை வருஷமாச்சு? காலைப் பாரு, பூட்ஸ்!"

"வீட்டுல கிடக்குமில்ல. மலை ஏற அதான் தோது."

"இருக்குன்னு நீயே சொல்லு, போட்டுக்கிட்டேன்னு நீயே சொல்லு, அள்ளினேன்னும் நீயே சொல்லு. அப்புறம் நான் எதுக்கு, கறுப்புத் துணிக்குக் கம்பா?" பரஜின் குரல் உடைந்தது. "என்னை விடு. நூரா மூணு நாளாச் சாப்பிடல. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை வந்து கேட்டிருந்தா என்ன அண்ணே?"

மணலில் இருப்பதை இனி எதற்குப் பேச வேண்டும் என்றிருந்தது சுவைலிமுக்கு.

"சரி. இரும்பை நக்குறேன்" என்றான் பரஜ். "ஹாஜி முசல்லம் கூடாரத்துக்கு வந்துரு. வர்ற வெள்ளிக்கிழமை. நாக்கு வெந்தா நான் திருடன். வேகலேன்னா நீ யாருன்னு நீயே முடிவு பண்ணிக்கோ."

சாட்சி இல்லாத வழக்கில் அதுதான் கடைசித் தீர்ப்பு, அதை நடத்தும் பெரியவர் ஹாஜி முசல்லம். காப்பி வறுக்கும் இரும்புக் கரண்டியைச் சிவக்கக் காய்ச்சி, குற்றம் சாட்டப்பட்டவன் மூன்று முறை நாக்கால் தொட வேண்டும். உண்மை பேசுகிறவன் வாயில் எச்சில் வற்றாது, இரும்பு சுடாது என்பது நம்பிக்கை. பயந்தவன் வாயும் வற்றித்தானே போகும் என்று கேட்டவர்கள் உண்டு. இதற்குப் போய் இரும்பா என்று இரண்டு மூன்று பேர் சுவைலிமிடம் வந்து பார்த்தார்கள். அவர் பிடிவாதம் பிடிக்கவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. களைப்பாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலையில் ஹம்தா கடற்கரையிலிருந்து ஒரு லாரியில் வந்து தார்ச்சாலையில் இறங்கினாள். சுவைலிம் வத்ஹாவோடு காத்திருந்தார். ஹாஜி முசல்லத்தின் கூடாரம் கணவாயைத் தாண்டினால் அடிவாரத்தில். இருவரும் நேரே அங்கே போவதாக ஏற்பாடு. வழக்கு என்று மட்டும்தான் அவளுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்.

"யாரோட வழக்கு?"

"போற வழியில சொல்றேன். பேத்தி எப்படி இருக்கா?"

"உங்களை மாதிரியே. எப்பப் பாரு தூக்கம்." அவள் காலில் இருந்த பிளாஸ்டிக் செருப்பைக் கழற்றி மூட்டைக்குள் வைத்துவிட்டு, வேறு எதையோ எடுத்து மாட்டிக்கொண்டாள். சுவைலிம் ஒட்டகத்தின் சேணக்கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்ததால் பார்க்கவில்லை. "நீங்க ஒட்டகத்தை மெதுவா ஓட்டிட்டு வாங்க, நான் முன்னால நடக்குறேன். நின்னு நின்னு போனாத்தான் எனக்கு முடியும்."

அவர்கள் சேர்ந்து நடந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. அவர்கள் வீட்டைச் சுற்றி இப்போது சிமெண்டும் சரளையும். அங்கே தடம் விழாது. அவர் எப்போதும் அந்நியர்களுக்கு முன்னால் மலையில் இருந்தார், அவள் எப்போதும் ஆடுகளுக்குப் பின்னால் வேறு ஏதோ பள்ளத்தில் இருந்தாள். இன்று அவள் முன்னால் போனாள், மூட்டை முதுகில். சரளை முடிந்து மணல் தொடங்கியது. சுவைலிம் வழக்கம்போல ஆளைப் பார்க்காமல் தரையைப் பார்த்தபடி பின்தொடர்ந்தார்.

டயர் செருப்பு. அதே வரி. சுமையால் ஆழம். இடது குதிகால் ஒவ்வொரு அடிக்கும் ஒரு கோடு.

நின்றுவிட்டார். வத்ஹா அவர் முதுகில் வந்து முட்டியது. குனிந்து விரலால் அந்தக் கோட்டைத் தொட்டுப் பார்த்தார். பரஜின் கால் முறிந்த கால். எலும்பு கோணலாகக் கூடியதால் குதிகால் வெளிப்புறமாக இழுக்கும். இந்தக் கோடு உள்புறமாக இழுத்திருந்தது. தொட்டிக் கரையிலும் அப்படித்தானே இருந்தது! பார்த்தும் பார்க்காமல் போயிருக்கிறார். கொல்லையில் அவர் தூக்கி எறிந்த தன் சொந்தச் செருப்பை ஹம்தா எடுத்து மாட்டியிருப்பாள் என்று அவர் கணக்கிலேயே எடுக்கவில்லை. தன் கால் எங்கே போனது என்பது தனக்குத் தெரியாதா என்ற நினைப்பு.

கணவாய் வரைக்கும் அந்தத் தடத்தின் பின்னாலேயே போனார். மேலே கற்குவியலின் பக்கத்தில் ஹம்தா இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கிக்கொண்டு, கம்பில் தொங்கிய துணியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வெயிலில் அது சாம்பல் நிறமாகிவிட்டது.

"இது என் பழைய முக்காடு. ஓரத்துல சிவப்பு நூல் நான் போட்டது" என்றாள். மகன் பேரைச் சேர்த்துத்தான் அவரைக் கூப்பிடுவாள். "யாருக்கு இது, அபூ சாலிம்?"

"பரஜுக்கு."

"யார் கட்டினது?"

"நான்தான்."

"எதுக்கு?"

"தொட்டியில தண்ணி அள்ளினதுக்கு."

ஹம்தா அவரைப் பார்த்தாள். பிறகு அப்படியே கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"நான்ல அள்ளினேன்" என்றாள்.

"இப்பத்தான் தெரிஞ்சுது. உன் பின்னால வந்தப்ப."

"இப்பத்தானா?" அவள் குரலில் கோபம் இல்லை. அதைவிட மோசமான ஏதோ இருந்தது. "தண்ணி லாரி எப்ப வருதுன்னே தெரியல. ஆடு குட்டி போட்டு மடி வத்திப் போச்சு. தூரத்துக் கிணத்துக்கு என் காலால போய்வர முடியல. உங்க மலையாட்டுக்கு நீங்க இருக்கீங்க, என் ஆட்டுக்கு யார் இருக்கா? நான் எந்தக் குச்சியையும் ஒடிக்கல. பாதிதான் அள்ளுவேன், பாதியை விட்டுருவேன்."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லணுமா? தடத்தை அழிக்கக்கூட இல்லையே நான்! யார் யார் காலையோ படிக்கிற மனுஷன், என் காலைப் படிக்காமலா இருப்பீங்கன்னு இருந்துட்டேன். சில நாள் தொட்டியில தண்ணி கூடுதலாக் கிடக்கும். பார்த்துட்டு, நான் அள்ளுறது தெரிஞ்சு எனக்கும் சேர்த்து ஊத்துறீங்கன்னு..." அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "சொல்லாமலே செய்யுறாரேன்னு சந்தோஷப்பட்டுக்கிட்டிருந்தேன். பைத்தியக்காரி."

பொய்யாகவாவது ஆமாம் என்று சொல்லிவிடலாமா என்று சுவைலிமுக்குத் தோன்றியது. கம்பில் தொங்கிய துணி எதிரே ஆடியது, சொல்ல முடியவில்லை.

"இந்தக் கால் எப்பலேருந்து இப்படி?" என்று கேட்டார்.

"போன கோடைக்கு முந்தின கோடையில இருந்து. கீழ எதுக்குப் புகை?"

"இரும்பு காயுது. பரஜ் நக்கப் போறான்."

"அட பாவி மனுஷா!" என்று ஹம்தா எழுந்தாள். இறக்கத்தில் அவள் காலை இழுத்துக்கொண்டே ஓடினாள். அவர் ஒட்டகத்தை விட்டுவிட்டுப் பின்னால் ஓடினார்.

கூடாரத்தின் முன்னால் ஆண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஹாஜி முசல்லம் கரண்டியைத் தணலிலிருந்து எடுத்து, சாம்பலைத் தட்டிவிட்டு நீட்டியிருந்தார். பரஜ் வாய் கொப்பளித்துவிட்டு முட்டிபோட்டு உட்கார்ந்திருந்தான். அவன் நெற்றியெல்லாம் வேர்வை.

"நிறுத்துங்க!" என்றார் சுவைலிம். மூச்சு இரைத்தது. "இரும்பைக் கீழ வையுங்க, ஹாஜி. கால் அவனோடது இல்ல. நான் தப்பாப் படிச்சுட்டேன். அது என் வீட்டுக் கால்."

வட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடி அடங்கியது. சுவைலிம் தப்பாகப் படித்ததாக யாரும் கேள்விப்பட்டதே இல்லை. ஹாஜி முசல்லம் கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

"தம்பி மேல பாசம் வந்து மாத்திச் சொல்றியா? வீட்டுக் கால்னா, எந்தக் கால்?"

சுவைலிம் தலையைக் குனிந்தார். அதற்குள் பெண்கள் பக்கத்துத் திரைக்கு அருகிலிருந்து ஹம்தாவின் குரல் வந்தது.

"என் கால்தான். வீடு, வீடுன்னு எதுக்குப் பூசி மெழுகுறீங்க? பார்த்துக்குங்க எல்லாரும்." கூடாரத்து வாசலில் இருந்த தண்ணீர்க் கேனைத் தூக்கி முதுகில் வைத்துக்கொண்டு, வட்டத்தின் நடுவே மணலில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு நடந்தாள். ஒவ்வொரு அடிக்கும் இடுப்பு ஒருபக்கமாகச் சாய்ந்து எழுந்தது. இடது காலை ஊன்றும்போதெல்லாம் அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

ஆண்கள் எல்லோரும் தடத்தைப் பார்த்தார்கள். சுவைலிம் மட்டும் தடத்தைப் பார்க்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்கு வயதாகியிருந்தது. கன்னம் ஒட்டியிருந்தது. கண்ணுக்குக் கீழே எப்போது இவ்வளவு கறுத்தது என்று அவருக்குத் தெரியவில்லை.

பரஜ் எழுந்துபோய் கேனை வாங்கி இறக்கி வைத்தான். "இந்தக் காலை வச்சுக்கிட்டா அண்ணி தண்ணி சுமந்தீங்க? ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லியிருந்தா வண்டியில கொண்டாந்து இறக்கியிருப்பேன்."

"உங்க வண்டியைத்தான் அவர் ஆகாதுன்னாரே" என்றாள் ஹம்தா.

ஹாஜி முசல்லம் கரண்டியைச் சாம்பலில் குத்தினார். பொய்ப்பழிக்கு என்ன ஈடு வேண்டும் என்று பரஜைக் கேட்டார். ஒட்டகம் கேட்கலாம், ஆடுகள் கேட்கலாம், வழக்கம் இடம் கொடுத்தது. பரஜ் கணவாயைக் கை காட்டினான்.

"கறுப்பு ஏறின இடத்துல வெள்ளை ஏறணும். மாப்பிள்ளை வீட்டார் கண்ணுல படணும். வேற ஒண்ணும் வேண்டாம்."

யாரிடமும் வெள்ளைத் துணி இல்லை. சுவைலிம் தன் தலைத்துணியை அவிழ்த்தார். அவர் வெறுந்தலையோடு நிற்பதை அந்தக் கூட்டத்தில் பலர் அன்றுதான் பார்த்தார்கள். நரைத்த முடி நடுவில் கொட்டியிருந்தது. அவர் முன்னால் போக, எல்லோரும் கணவாய்க்கு ஏறினார்கள். முக்காட்டை அவிழ்த்து மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். தலைத்துணியைக் கம்பில் கட்டினார். சொல்ல வேண்டியதைச் சத்தமாகச் சொன்னார்: "என் தம்பி பரஜ் முகம் வெள்ளை. கறுத்தது என் கண்ணு."

பரஜ் கேட்டுக்கொண்டான். அண்ணன் கையைத் தொட்டான், ஆனால் முத்தமிடவில்லை. ஜீப்பைக் கணவாய் வரைக்கும் ஏற்றிக் கொண்டுவந்திருந்தான். அதன் கதவைத் திறந்தான்.

"அண்ணி, ஏறுங்க. வீட்டுல இறக்கி விடுறேன்." பிறகு சுவைலிமைப் பார்த்தான். "நீ நடந்து வா. உனக்குத்தான் சக்கரம்னா ஆகாதே."

கிண்டலாகத்தான் சொன்னான். ஆனால் கதவைத் திறந்தபடி காத்திருக்கவும் இல்லை. ஹம்தா ஒருமுறை திரும்பிப் பார்த்தாள், ஏறினாள். வண்டி இறக்கத்தில் இறங்கிப் போயிற்று. மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள்.

சுவைலிம் கணவாயில் விட்டுவிட்டு ஓடிய வத்ஹாவைத் தேடிப் பிடித்துக் கூட்டிவந்தார். வெயில் உச்சந்தலையில் இறங்கியது. இன்று தொட்டிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டிய நாள். பையில் இருப்பது தொட்டிக்கோ ஹம்தாவின் ஆடுகளுக்கோ, ஒன்றுக்குத்தான் காணும். ஒட்டகத்தின் முகத்தை வீட்டுப் பக்கமாகத் திருப்பினார்.

ஜீப் நின்றிருந்த இடத்தில் அவள் கடைசியாக வைத்த அடி இருந்தது. வலது கால், பிறகு இடது, பிறகு ஏறுவதற்காகக் குதிகாலை இழுத்த கோடு. அதோடு தடம் முடிந்து சக்கர வரி தொடங்கியது. அவர் அதன் முன்னால் நின்றார். எந்த மிருகத்தின் தடத்தின் முன்னாலும் அவ்வளவு நேரம் நின்றதில்லை. பிறகு வத்ஹாவின் கயிற்றைப் பிடித்து இழுத்து, அந்த அடியை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போனார்.